லிங்கதுரை வண்டியின் வலது கால்

அன்றைக்குத் தவசிமுத்துவின் ஒர்க் ஷாப்பில் இருந்தவர்கள் ஒன்பது பேர். ஒர்க் ஷாப்புக்காரரான தவசிமுத்து, வயது அறுபத்திரண்டு, ஒன்று. செத்துப்போன லிங்கதுரையின் மனைவி சுயம்புக்கனி, இரண்டு. மணிக்கட்டில் மாவுக்கட்டோடு நின்ற அவள் மகள் தாரணி, வயது ஆறு, மூன்று. லிங்கதுரையின் அண்ணன் கொம்பையா, நான்கு. எதிரே டீக்கடை போட்டிருக்கும் ரோஸ்மேரி, அடுப்பை அணைக்காமலே வந்துவிட்டவள், ஐந்து. கிராம நர்சின் வீட்டுக்காரன் டேவிட், ஆறு. உப்பு லாரி ஓட்டும் காசிம், ஏழு. காலி பாட்டிலோடு வரிசைக்கு வந்த உப்பளத்துப் பெண்கள் இரண்டு பேர், ஒருத்தி மாடத்தி, இன்னொருத்தி பெயரைத் தவசிமுத்து கேட்டதில்லை, ஆக ஒன்பது. நாய் ஒன்றும் படுத்திருந்தது. அதை அவர் எண்ணவில்லை.

ஒன்பது பேருக்கும் நடுவில், இரண்டு செங்கல்மேல் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்த லிங்கதுரையின் மோட்டார் சைக்கிள், முந்தைய நூற்றுப் பதினேழு நாளும் செய்ததை நூற்றுப் பதினெட்டாம் நாளும் செய்துகொண்டிருந்தது. அதன் வலது காலிலிருந்து எண்ணெய் சொட்டியது.

முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் குழாய்களைத் தவசிமுத்து கால் என்றுதான் சொல்வார். ஒவ்வொரு காலுக்குள்ளும் நூற்று அறுபது மில்லி எண்ணெய் இருக்கும். சாலையில் விழுகிற அடியை எல்லாம் அந்த எண்ணெய்தான் வாங்கிக்கொள்ளும். அது வெளியே வராமல் காப்பது, கைக்குழந்தைக்குப் போடும் வளையல் அளவில் ஒரு ரப்பர் சீல். உப்பளக் காற்று குழாயில் அம்மைத் தழும்பு போலத் துருப்புள்ளி வைக்கும். குழாய் ஏறி இறங்கும்போது அந்தத் தழும்பு சீலின் உதட்டைக் கிழிக்கும். எண்ணெய் வெளியே வரும். அதனால் அந்த ஊரில் மற்ற ஊர்களைப்போல நான்கு மடங்கு சீல் மாற்ற வேண்டியிருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் குழாயை நனைந்த துணியால் ஒரு தடவையும் காய்ந்த துணியால் ஒரு தடவையும் துடையுங்கள் என்று அவர் எல்லோரிடமும் சொன்னார், துடைத்தவர்கள் மூன்று பேர், அதில் லிங்கதுரை ஒருவன். ஒரு காலில் சீல் போனால் அடுத்த காலிலும் போகப்போகிறது என்று அர்த்தம். ஆகவே கடைச் சுவரில் அவரே நீலப் பெயிண்டில் எழுதி வைத்திருந்தார்: சீல் மாற்றினால் ஜோடியாக மட்டுமே.

வலது காலில் இருக்க வேண்டியது நூற்று அறுபது மில்லி. சொட்டியதோ நாளொன்றுக்கு அறுநூறு மில்லி, கூடவுமில்லை, குறையவுமில்லை. தவசிமுத்து காலையில் அளவுக் குவளையை வைத்து அளந்துவிட்டு வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் கோடு போடுவார். லிங்கதுரை செத்த நான்காம் நாள் கொம்பையா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியபோது தொடங்கியது. வண்டிக்கு ஒரு இண்டிகேட்டர் உடைந்திருந்தது, அவ்வளவுதான். வளைவில் பிரேக் பிடித்திருக்கிறான், வண்டி நிற்காமல் பாலத்துச் சுவருக்குப் போய்விட்டது, உப்புத் தண்ணி ரோட்டில் வழுக்கிவிட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். யாரும் வேறு மாதிரிச் சொல்லவில்லை.

எண்ணெய் நிற்கவில்லை என்பதைப் பற்றி ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. வீணாகப் போகிறதே என்றுதான் வருத்தப்பட்டார்கள். ஆறாம் நாள் மாடத்தி, உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெடித்த குதிகாலுக்குத் தடவலாமா என்று கேட்டு ஒரு மூடி வாங்கிப் போனாள். மறுநாள் வந்து, "அண்ணாச்சி, வலி போவல, ஆனா வலிக்கத் தெரியல" என்றாள். அதற்குப் பிறகு காசிம் லாரியின் ஸ்பிரிங் பட்டையில் தடவிக்கொண்டு, குண்டும் குழியுமான பதினொரு கிலோமீட்டர் உப்பளச் சாலையில் முட்டை லோடு ஏற்றிப்போய் ஒரு முட்டைகூட விரிசல் இல்லாமல் இறக்கினான். டேவிட் தன் வண்டிக் காலில் அதையே ஊற்றிக்கொண்டான். பிரசவ வலி எடுத்த பெண்களைப் பின்னால் உட்காரவைத்துப் போனான், அவர்கள் ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தார்கள். பிறகு யாரோ ஒருத்தி, வெளிநாட்டிலிருந்து போன் வரப்போகிறது, நல்ல சேதியாக இருக்காது என்று தெரிந்து, பிடரியில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டாள். சேதி வந்தது, நல்ல சேதி இல்லை. அவள் போனை வைத்துவிட்டுக் குழம்புக்குப் புளி கரைத்தாள். அன்றிலிருந்து வரிசை நிற்கத் தொடங்கியது.

ஆளுக்கு வாரம் ஒரு மூடி என்று பஞ்சாயத்தில் முடிவு செய்து, வரிசைக்குக் கயிறு கட்டினார்கள்; யாரோ வண்டியின் ஹெட்லைட்டில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள், யாரோ வேப்பிலை கட்டினார்கள்; வரிசைக்காரர்களுக்காக ரோஸ்மேரி டீயோடு பருப்பு வடையும் போட ஆரம்பித்தாள்; பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிவு வந்த அன்று ஒரு வீட்டிலும் சத்தம் கேட்கவில்லை; சாவு வீட்டில் மேளக்காரர்கள் அடித்து ஓய்ந்து, அழுவதற்கு ஆள் இல்லாமல் பீடி குடித்தார்கள், ஒப்பாரிக்கு வந்த பெண்கள் முதல் அடியைப் பாடிவிட்டு அடுத்த அடி என்ன என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உப்பளத்து முதலாளி ஒரு லிட்டர் கேனோடு ஆள் அனுப்பி வாங்கிப் போய், வேலைக்கு வரும்போது எல்லோரும் தடவிக்கொள்ளுங்கள் என்று வாசலில் வைத்தார். அடுத்த வாரம் வேலை நேரத்தில் ஒரு மணி கூட்டினார், அதற்கடுத்த வாரம் இன்னும் ஒரு மணி. யாருக்கும் உறைக்கவில்லை.

ஊரில் அந்த எண்ணெய் வேலை செய்யாத ஆள் ஒருவர்தான் இருந்தார். இருபதாம் நாள் தவசிமுத்து சட்டையைக் கழற்றி, நெஞ்சில் ஒரு குவளை முழுக்கத் தேய்த்துப் பார்த்தார். எண்ணெய் வழிந்து இடுப்பு வேட்டியில் ஊறியது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

தாரணி பள்ளிக்கூடத்து ஊஞ்சலிலிருந்து விழுந்தது நூற்றுப் பதின்மூன்றாம் நாள். எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, மறுபடி ஏறி ஆடினாள். மூன்றாம் நாள் வாத்தியாரம்மா அவள் எழுதுவதைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள். மணிக்கட்டு வேறு பக்கமாகத் திரும்பியிருந்தது. மூன்று நாளும் சுயம்புக்கனி அந்தக் கையைப் பிடித்துத்தான் குளிப்பாட்டியிருந்தாள், வீங்கியிருப்பதைப் பார்த்திருந்தாள், கடைப் பலகையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு விட்டிருந்தாள். எலும்பைக் கூட்டி மாவுக்கட்டுப் போடும்போது பிள்ளை மின்விசிறியை வேடிக்கை பார்த்தது. அதன் பிறகுதான், நூற்றுப் பதினெட்டாம் நாள் காலை பத்தரை மணிக்கு, சுயம்புக்கனி பிள்ளையின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு, கொம்பையாவையும் அழைத்துக்கொண்டு வந்து, வரிசையில் நிற்காமல் நேராக முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, இத அடைங்க."

தவசிமுத்து கையிலிருந்த ஸ்பேனரைத் துணியில் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

"எத அடைக்கச் சொல்லுத?" என்றாள் ரோஸ்மேரி. "ஊரே இத நம்பித்தான நிக்குது."

"எம் புருசன் வண்டி. நான் ஓட்டணும். பாலவாடி வேலைக்கு ஒம்பது கிலோமீட்டர், பஸ்ஸ நிறுத்திட்டான், எத்தன நாளைக்கு நடக்க?"

"வேற வண்டி பாத்துக்கிடலாம் தங்கச்சி," என்றான் காசிம். "நானே பாத்துத் தாரேன். இது சாமி வண்டி ஆயிப்போச்சு."

"சாமியா? நேத்து நீங்க இதத்தான லாரி கதவு கிரீச்சுக்குப் போட்டிய?"

காசிம் தலையைச் சொறிந்தான். மாடத்தி சிரித்தாள். பெயர் தெரியாத பெண் சிரிக்கவில்லை. அவள் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அடைக்காதீய மைனி," என்றாள். "எம் மவன் கடலுக்குப் போயி ஆறு மாசமாச்சு. இதத் தடவிக்கிட்டுத்தான் கெடக்கேன். இது இல்லன்னா எனக்கு வரப்போறது என்னன்னு எனக்குத் தெரியும்."

சுயம்புக்கனி அவளைப் பார்த்தாள். "எனக்குத் தெரியல அக்கா. அதான் வந்தேன். அவுகளத் தூக்கிட்டுப் போனப்போ நான் அழல, மயக்கத்துல கெடந்தேன். பத்து நாளு ஊசி போட்டே படுக்க வச்சிருந்தாக, பெறகு ஊசிக்குப் பதிலா ஆரோ இத நெத்தியில வச்சாக. இன்னி வரைக்கும் எம் புருசனுக்காக நான் ஒரு சொட்டு அழல. எம் பிள்ளைக்கிக் கை ஒடஞ்சது, நான் அந்தக் கையால பிஸ்கட் வாங்கித் தின்னச் சொன்னேன். எனக்கு இது வேண்டாம்."

வரிசையில் யாருக்கும் கோபம் வரவில்லை. கோபம் வருகிற இடத்திலும் எண்ணெய் இருந்தது. டேவிட்தான் மெல்ல, "அண்ணாச்சி என்ன சொல்லுதாவன்னு கேப்போம்" என்றான். எட்டுப் பேரும் தவசிமுத்துவைப் பார்த்தார்கள்.

வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் போதும். ஊர் முழுக்க அவர் பக்கம் நின்றிருக்கும்.

"அடைக்கலாம்," என்றார்.

"அப்பொ ஒழுகுத கால மட்டும் பாருங்க," என்றான் கொம்பையா. "இடது கால் நல்லாத்தான இருக்கு? ஒரு சொட்டு கெடையாது. அத எதுக்கு நோண்டிக்கிட்டு?"

அது தப்பிக்க இன்னொரு வாசல். கொம்பையா தெரியாமல்தான் திறந்துவைத்தான். வலது காலை மட்டும் பிரித்தால், உள்ளே கிடக்கும் பழைய சீலைப் பார்த்து, உப்புக் காற்றில் போய்விட்டது என்று எல்லோரும் சொல்வார்கள், இடது காலில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கப் போவதில்லை. தவசிமுத்து சுவரைப் பார்த்தார். நீல எழுத்துக்குமேல் நூற்றுப் பதினெட்டுக் கோடுகள் இருந்தன.

"ரெண்டையும் கழத்தணும்," என்றார்.

முன்சக்கரத்தைக் கழற்றினார். பிரேக்கைக் கழற்றித் தொங்கவிடாமல் கம்பியால் கட்டினார். கவ்விப் பிடித்திருந்த போல்ட்டுகளை, இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் இரண்டு, தளர்த்தி இரண்டு காலையும் உருவினார். தூசி மூடியை நெம்பி எடுத்து, வளையக் கிளிப்பைக் கழற்றி, அடியிலிருந்த போல்ட்டைத் திருகி, இடது காலைக் குவளையில் கவிழ்த்தார். நூற்று ஐம்பத்தெட்டு மில்லி. வலது காலைக் கவிழ்த்தார். அது வாளியில் கொட்டிக்கொண்டே இருந்தது, அதை அப்படியே ரோஸ்மேரியிடம் பிடிக்கச் சொல்லிவிட்டு, குழாயை வெடுக்கென்று இழுத்தார். இரண்டு சீலும் இரண்டு குழாயோடு வந்தன. ஒரு செய்தித்தாளை விரித்து, அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

இடது காலின் சீல் கறுப்பாக, உதடு மழமழவென்று, எழுத்துக்கூட அழியாமல் இருந்தது. வலது காலின் சீல் பழுப்பேறி, விறைத்து, காய்ச்சல்காரன் உதடுபோலப் பிளந்திருந்தது.

காசிம் குனிந்து பார்த்தான். "அண்ணாச்சி, இது என்ன, ஒண்ணு புதுசு, ஒண்ணு..."

தவசிமுத்து ஒரே மூச்சில் பத்து வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. வாய் திறக்க அவருக்குக் கூச்சம், சிறு வயதிலிருந்தே. இப்போதும் செய்தித்தாளைப் பார்த்தபடிதான் பேசினார்.

"அன்னைக்கு எங்கிட்ட ரெண்டு சீல் இருந்துச்சு. காலைல டேவிட் அவசரமா வந்தான், நர்சம்மாவக் கூட்டிட்டுப் போவணும்னு. ஒரு கால்தான் ஒழுகிச்சு. ஒண்ணு போட்டேன். இன்னொண்ணு பெறகு வந்து போட்டுக்கோன்னு அவங்கிட்டச் சொன்னேன். மத்தியானம் லிங்கதுரை வந்தான். இடது கால் ஒழுகிச்சு. மிச்சம் ஒண்ணுதான் இருந்துச்சு, அத இடதுல போட்டேன். 'ரெண்டும் மாத்தியாச்சா அண்ணாச்சி'ன்னு கேட்டான்."

பழைய சீலைச் செய்தித்தாளில் நேராக நகர்த்தி வைத்தார்.

"நீங்க என்ன சொன்னீய?" என்றாள் சுயம்புக்கனி.

"தலைய ஆட்டினேன். எழுதி வச்சிருக்கேன்லா செவுத்துல. எங்கிட்டச் சரக்கு இல்லன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. மூணாம் நாள் சீல் வந்துச்சு, ரெண்டு. டேவிட்டுக்கு ஒண்ணு போட்டேன். லிங்கதுரைக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சேன். கூப்பிட்டுப் போட்டா, அன்னைக்குப் பொய் சொன்னது தெரிஞ்சிரும். வலது கால் பழைய சீல் ஒழுகித்தான் எண்ணெய் பிரேக் தட்டுல எறங்கியிருக்கு தாயி. வண்டி வந்த அன்னைக்கு வெரல வச்சுப் பாத்தேன். உப்புத் தண்ணி வழுக்கல."

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து வைத்தார். மேலே பென்சிலில் லிங்கதுரை என்று எழுதியிருந்தது.

சுயம்புக்கனி அதைத் தொடவில்லை. அவள் குரல் ஏறவில்லை, சந்தையில் விலை விசாரிப்பதுபோல, ஏனென்றால் அவளால் வேறு மாதிரிக் கேட்க முடியாது, "பொய் சொல்லி எத்தன நாளு கழிச்சு அவுக போனாவ?" என்று கேட்டாள்.

"நாப்பத்தி மூணு நாளு."

"தெனமும் உங்க கடை முன்னாலதான போவாவ?"

"போறப்பவும் வாரப்பவும் ஆரன் அடிப்பான்."

"அப்பொ எண்பத்தாறு தடவ கூப்பிட்டிருக்கலாம்."

"எண்பத்தஞ்சு," என்றார் தவசிமுத்து. "கடைசி நாள் ஒரு தடவதான் போனான்."

டேவிட் போய் நாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான். கொம்பையா கையை ஓங்கவேண்டிய இடம் அது. அவன் கையைப் பார்த்தான், அது ஓங்கவில்லை. ரோஸ்மேரியின் வாளி நிறைந்து அவள் காலில் வழிந்துகொண்டிருந்தது.

"மாட்டுங்க," என்றாள் சுயம்புக்கனி.

அவர் ஒரு புதுப் பாக்கெட்டைப் பிரித்தார், உள்ளே இரண்டு. குழாய்களில் இருந்த துருத் தழும்பை ஆயிரம் நம்பர் உப்புத்தாளில் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, நகத்தை ஓட்டிப் பார்த்து, மறுபடி தேய்த்தார். குழாய் முனை சீலின் உதட்டைக் கிழிக்காதபடி பாலிதீன் தாள் சுற்றினார். சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, ஸ்பிரிங் பக்கம் கீழே பார்க்க, மெதுவாக இறக்கினார். இடது கால் முடிந்தது. வலது காலுக்கு வந்தபோது, எப்போதும் செய்வதுபோலவே செய்தார்: புதுச் சீலின்மேல் பழைய சீலை வைத்து, அதன்மேல் இரும்புக் குழாயை வைத்து, சுத்தியலால் தட்டினார். சுத்தியல் அடியைப் பழையது வாங்கிக்கொள்ளும், புதியது நோகாமல் உள்ளே போகும்.

பன்னிரண்டு தட்டு. முதல் தட்டில் மாடத்தியின் குதிகால் வெடிப்புகள் எரிந்தன, அவள் பாட்டிலைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்; இரண்டாவதில் காசிமுக்கு நான்கு மாதத்துக் குழிகளும் ஒரே சமயத்தில் முதுகெலும்பில் ஏறின; மூன்றாவதும் நான்காவதும் அளத்துக்குப் போயின, அங்கே நூற்றுப் பத்துப் பேர் உப்பு வாரும் பலகையைக் கீழே வைத்துவிட்டு மணி என்ன என்று கேட்டார்கள்; ஐந்தாவதில், புளி கரைத்தவள் வீட்டிலிருந்து ஒரு சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது; ஆறு, ஏழு, எட்டில், சாவு நடந்த வீடுகளில், அடுப்பில் இருந்தது அடுப்பிலேயே தீய, ஒப்பாரிக்காரப் பெண்களுக்கு விட்டுப்போன அடுத்த அடி நினைவுக்கு வந்தது; ஒன்பதில், பெயர் தெரியாத பெண் கடல் இருக்கும் திசையைப் பார்த்துத் திரும்பி நின்று, "அந்தோணி" என்று கூப்பிட்டாள், அது அவள் மகன் பெயர்; பத்தாவதில் கொம்பையா முன்னால் வந்து தவசிமுத்துவின் கன்னத்தில் ஓர் அறை விட்டான், தவசிமுத்து சுத்தியலைக் கீழே விடாமல் வாங்கிக்கொண்டு, பதினோராவதைத் தட்டினார், தாரணி மாவுக்கட்டைப் பார்த்து, "அம்மா, வலிக்கி, அம்மா, கை வலிக்கி" என்று வீறிட்டாள்.

பன்னிரண்டாவதில் சீல் போய் உட்கார்ந்தது. வளையக் கிளிப் தன் பள்ளத்தில் டக்கென்று விழுந்தது.

சுயம்புக்கனி பிள்ளையை வாரி எடுத்தாள், எடுத்தவள் அப்படியே எண்ணெய்த் தரையில் மண்டியிட்டாள். நூற்று இருபத்தொரு நாள் தாமதமாக, லிங்கதுரை அப்போதுதான் செத்தான்.

அவள் அழுது முடிக்கும்வரை தவசிமுத்து வேலை செய்யவில்லை. பிறகு இரண்டு காலிலும் நூற்று அறுபது, நூற்று அறுபது மில்லி அளந்து ஊற்றி, பத்துப் பத்துத் தடவை ஏற்றி இறக்கிப் பார்த்து, சக்கரம் மாட்டி, பிரேக் தட்டைப் பெட்ரோல் தொட்ட துணியால் ஏழு தடவை துடைத்து, புது பிரேக் கட்டை போட்டு, செங்கல்லை உருவினார். வண்டியின் அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து வைத்து எல்லோரும் ஒரு மணி நேரம் பார்த்தார்கள். தாள் வெள்ளையாகவே இருந்தது.

"சாயங்காலம் சாயங்காலம் குழாயத் துடைச்சிரணும் தாயி. நனைஞ்ச துணியில ஒரு தடவ, காஞ்ச துணியில ஒரு தடவ."

"அவுக துடைக்கதப் பாத்திருக்கேன்."

கழற்றிய இரண்டு சீலையும், புதுசையும் பழசையும், செய்தித்தாளில் மடித்து அவள் எடுத்துக்கொண்டாள். தீப்பெட்டியை அவர் நீட்டினார்.

"இது அவனுக்கு எடுத்து வச்சது."

"அப்பொ அவுகளுக்கே குடுங்க," என்றாள் சுயம்புக்கனி. பிள்ளையை முன்னால் உட்காரவைத்து, வண்டியை உதைத்து, உப்பளச் சாலையில் திரும்பினாள். கடையைத் தாண்டும்போது அவள் ஹாரன் அடிக்கவில்லை. முதல் குழியில் வண்டி இறங்கி ஏறியதையும், அவள் தோள் ஒரு தடவை குலுங்கியதையும் எட்டுப் பேரில் ஏழு பேர் அங்கிருந்து பார்த்தார்கள். ஒருத்தி, தாரணி, அவளோடு போய்க்கொண்டிருந்தாள். பிறகு ரோஸ்மேரி அடுப்பை நினைத்துக்கொண்டு ஓடினாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள், யாரும் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

தவசிமுத்து சுவரில் இருந்த கோடுகளைக் கூட்டிப் பார்த்தார். எழுபது லிட்டர் எண்ணூறு மில்லி. ஈரத் துணியால் கோடுகளைத் துடைத்தார், நீல எழுத்தையும் சுரண்டிவிடலாமா என்று யோசித்து, விட்டுவிட்டார். பிறகு சரக்கை எண்ணினார். அன்றைக்குப் பிரித்த பாக்கெட்டில் இருந்தது இரண்டு, போட்டது இரண்டு. தீப்பெட்டியைத் திறந்து பார்த்தார், தெரிந்ததுதான் என்றாலும்.

மிச்சம் ஒன்று.